"இல்லை அம்மா, அவர் கண்ணியமானவர்"

அமெரிக்க அதிபர் தேர்தல்களில் மத வெறுப்பும் நிற வெறுப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. ஒபாமா ஒரு முஸ்லிம் என்று பரப்பப்பட்ட வதந்தி மத வெறுப்பா, நிற வெறுப்பா? முதல் கத்தோலிக்க அதிபரான கென்னடிக்கு முன்பு கத்தோலிக்கர்கள் பட்டதும் இதுவும் ஒன்றுதானா? பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த நாட்டில் இதெல்லாம் எப்படி நடக்கிறது?

மூன்றாவது முடிச்சு எளியது, அதை முதலில் அவிழ்த்துவிடலாம். 1787ஆம் ஆண்டு சாசனத்தின் ஆறாவது பிரிவு, கூட்டாட்சி அரசின் எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது. அந்த விதி அரசின் கையைத்தான் கட்டுகிறது. வாக்குச் சாவடிக்குள் போகிறவர் மனத்தில் எந்தச் சோதனையை வைத்திருந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை. மாநிலங்களின் கையைக்கூட அது நெடுங்காலம் கட்டவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் உட்கார 1877 வரை புராட்டஸ்டண்டாக இருக்க வேண்டும். மேரிலாந்தில், கடவுளை நம்புகிறேன் என்று உறுதிமொழி தர மறுத்த ஒருவருக்கு நோட்டரி வேலை கிடைக்கவில்லை. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1961 ஜூனில், கென்னடி பதவியேற்று ஐந்து மாதம் ஆன பிறகு.

மற்ற இரண்டு முடிச்சுகளுக்கு 2008 அக்டோபர் 10ஆம் தேதிக்குப் போக வேண்டும். மினசோட்டா மாநிலம், லேக்வில் என்ற ஊர். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் மக்களிடம் கேள்விகள் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி ஒலிவாங்கியைப் பிடித்து, ஒபாமாவை என்னால் நம்ப முடியவில்லை, அவரைப் பற்றிப் படித்தேன், அவர் ஓர் அரபி என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டியபடி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், சில அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது, அவ்வளவுதான்" என்ற பொருளில் பதில் சொன்னார். தன் சொந்தக் கூட்டத்தின் ஆத்திரத்தை எதிர்த்துப் பேசிய அந்தத் துணிச்சலை நாடே பாராட்டியது. நானும் மதிக்கிறேன். ஆனால் பதிலை இன்னொரு முறை படியுங்கள். 'அரபி' என்ற குற்றச்சாட்டுக்கு 'கண்ணியமானவர்' என்பது மறுப்பாகிறது. அப்படியென்றால் அரபியாகவும் கண்ணியமானவராகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க முடியாதா? மெக்கெய்ன் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். நினைக்காமலே வாயில் வந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒன்பது நாள் கழித்து, அதே கட்சிக்காரரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான காலின் பவல் தொலைக்காட்சியில் ஒபாமாவுக்கு ஆதரவு அறிவித்தார். அவர் முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் என்பது சரியான பதில்; ஆனால் உண்மையிலேயே சரியான பதில், முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்பது என்றார். ஏழு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவன் தானும் அதிபராகலாம் என்று நம்புவதில் என்ன தவறு என்று கேட்டார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தாய் தன் மகனின் நடுகல்லில் தலை சாய்த்திருக்கும் புகைப்படத்தைப் பற்றிப் பேசினார். ஈராக்கில் இறந்த இருபது வயது வீரன். அந்தக் கல்லில் சிலுவை இல்லை, பிறையும் விண்மீனும் இருந்தன.

அமெரிக்க அதிபர் தேர்தல் வரலாற்றில் வதந்திகளை வரிசைப்படுத்துவது எளிது. புழுதி வாரித் தூற்ற எந்தக் காலத்திலும் ஆள் கிடைத்தது. எனக்கு வதந்தியைவிட மறுப்புதான் அதிகம் பேசுகிறது. தூற்றப்பட்டவரும் அவருடைய நண்பர்களும் என்ன சொல்லி மறுத்தார்கள் என்று பார்த்தால், அந்தக் காலத்தில் எது இழிவாகக் கருதப்பட்டது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

1856இல் ஜான் ஃப்ரீமாண்ட். புதிதாகப் பிறந்த குடியரசுக் கட்சியின் முதல் அதிபர் வேட்பாளர், அடிமை முறை பரவுவதை எதிர்த்தவர். எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட். ஆனால் அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர். 1841இல் ஒரு செனட்டரின் மகளை வீட்டுக்குத் தெரியாமல் மணந்தபோது திருமணத்தை நடத்திவைத்தவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். போதாதா? ஃப்ரீமாண்ட் ரகசியக் கத்தோலிக்கர் என்று துண்டறிக்கைகள் பறந்தன. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. அவர்களை எதிர்ப்பதற்கென்றே உருவான கட்சி, முன்னாள் அதிபர் மில்லார்ட் ஃபில்மோரை நிறுத்தி ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான வாக்குகளைப் பெற்றது. அது வென்ற ஒரே மாநிலம் மேரிலாந்து. கத்தோலிக்கர்கள் நிம்மதியாக வாழ ஓர் இடம் வேண்டும் என்று ஒரு கத்தோலிக்கப் பிரபு குடும்பம் நிறுவிய பழைய குடியேற்றம்தான் அது என்பதை நினைத்தால் சிரிப்பதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை. ஃப்ரீமாண்டைச் சுற்றியிருந்தவர்கள், "நான் கத்தோலிக்கன் அல்ல" என்று ஓர் அறிக்கை விடுங்கள் என்று கெஞ்சினார்கள். அவர் விடவில்லை. மத சுதந்திரத்துக்காக நிற்கிற கட்சி அப்படி ஒரு சான்றிதழைக் காட்டி வாக்குக் கேட்கக் கூடாது என்பது அவருடைய நிலை. தோற்றார், அதற்கு அடிமை முறை குறித்த பிளவே பெரிய காரணம். இருந்தாலும் பவல் 2008இல் சொன்னதை அவர் 152 ஆண்டுகளுக்கு முன்பே வாய் திறக்காமல் சொல்லிவிட்டார்.

எட்டு ஆண்டுகள் கழித்து நிறத்தின் முறை. லிங்கன் மறுபடி நின்ற 1864 தேர்தலுக்கு முன் நியூயார்க்கில் பெயரில்லாத ஒரு சிறு நூல் வெளிவந்தது. வெள்ளையரும் கறுப்பரும் மணந்து கலப்பதே மனித குலத்துக்கு நல்லது, குடியரசுக் கட்சியின் நோக்கமும் அதுதான் என்று அது புகழ்ந்து தள்ளியது. இனக் கலப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் புதிதாக ஒரு சொல்லையே அது உண்டாக்கிவிட்டது. அடிமை ஒழிப்புக்காரர்கள் சிலர் நூலை நம்பிப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். எதிர்க்கட்சியினர் அதை நாடாளுமன்றத்திலேயே எடுத்துப் பேசினார்கள். எழுதியவர்கள் யார் என்றால், லிங்கனை எதிர்த்த ஜனநாயகக் கட்சிப் பத்திரிகை ஒன்றின் ஆட்கள்! எதிரியின் குரலில் தாங்களே எழுதி, தாங்களே அதிர்ச்சி அடைந்திருக்கிறார்கள். போலிச் செய்தி என்பது கைப்பேசியோடு பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

1920இல் வாரன் ஹார்டிங்குக்குக் கறுப்பின முன்னோர் இருந்தார்கள் என்று ஒஹையோவைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் பரப்பினார். கட்சி பதறிப்போய் அவருடைய வம்சாவளியை எடுத்து நீட்டியது, எல்லாரும் வெள்ளையர் என்று. ஹார்டிங் மட்டும், யாருக்குத் தெரியும், என் முன்னோரில் எவராவது வேலி தாண்டியிருக்கலாம் என்று ஒரு நிருபரிடம் சொன்னதாகச் செய்தி உண்டு. 60 சதவீத வாக்குகளோடு வென்றார்; பேராசிரியரின் வேலை போயிற்று. 2015இல் வந்த மரபணுச் சோதனை, வதந்திக்கு ஆதாரம் இல்லை என்றது. கட்சியின் மறுப்பைப் பாருங்கள்: ஒரு துளிக் கறுப்பு ரத்தம்கூட வேட்பாளரைத் தகுதியிழக்கச் செய்யும் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டுதான் வாதாடின.

இனி 1928. இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஆண்டு அது. ஜனநாயகக் கட்சி, நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித்தை நிறுத்தியது. பெரிய கட்சியின் வேட்பாளரான முதல் கத்தோலிக்கர். மீன் சந்தையில் வேலை பார்த்து மேலே வந்தவர், நான்கு முறை ஆளுநரானவர், மதுவிலக்கை வெளிப்படையாக எதிர்த்தவர். முந்தைய ஆண்டே ஒரு வழக்கறிஞர் அட்லாண்டிக் மாத இதழில் அவருக்குத் திறந்த மடல் எழுதினார்: போப்பாண்டவரின் சுற்றுமடல்களுக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் மோதல் வந்தால் நீங்கள் எந்தப் பக்கம்? மடலைப் படித்த ஸ்மித், "சுற்றுமடல் என்றால் என்ன எழவு?" என்று கேட்டதாக ஒரு கதை இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, கோயிலுக்குப் போகிற சாதாரண மனிதனின் மத அறிவை அது சரியாகவே சொல்கிறது. அடுத்த இதழில் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். பயன் இல்லை. ஓக்லஹோமாவுக்கு அவர் ரயிலில் போனபோது வழியில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் கொளுத்திய சிலுவைகள் எரிந்துகொண்டிருந்தன. நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் புதிதாகத் திறந்த சுரங்கச் சாலை வாடிகன் வரை நீளப்போகிறது என்ற கதைகூட உலவியது. அவர் தோற்றதும், அமெரிக்காவுக்குக் குடிவரப் பெட்டி கட்டியிருந்த போப்பாண்டவருக்கு ஒரே சொல்லில் தந்தி அடித்தாராம் என்று ஒரு நகைச்சுவையும் உண்டு: "பெட்டியைப் பிரித்துவிடுங்கள்."

இந்தக் கதையின் முதல் பாதி எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதி தெற்கில் இருக்கிறது. மத வெறுப்பு கொதித்த பகுதி தெற்கு மாநிலங்கள்தான். டெக்சாஸ், ஃப்ளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி ஐந்தும் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் போதகர்களின் பேச்சைக் கேட்டுத் தங்கள் பரம்பரைக் கட்சியான ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டு, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹெர்பர்ட் ஹூவருக்கு வாக்களித்தன. ஆனால் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, லூசியானா, ஆர்கன்சா ஆறும் ஸ்மித்தோடு நின்றன! சகிப்புத்தன்மை அங்கே திடீரென்று பூத்துவிட்டதா? இல்லை. ஜனநாயகக் கட்சி அங்கே வெள்ளையர் ஆட்சியின் கோட்டை. கறுப்பர் எண்ணிக்கை மிகுந்த மாவட்டங்களில், வாக்குரிமை பறிக்கப்பட்ட அந்தப் பெரும்பான்மை என்றாவது எழுந்துவிடும் என்ற பயம் வெள்ளையருக்கு அதிகம். கோட்டையில் விரிசல் விழுவதைவிட ஒரு கத்தோலிக்கரைச் சகித்துக்கொள்வது மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அலபாமாவில் ஸ்மித் மயிரிழையில் தப்பியது அந்த மாவட்டங்களின் புண்ணியத்தில்தான்.

அதற்காக அங்கே நடந்த பிரச்சாரம் இன்னும் கேவலமானது. மிசிசிப்பி ஆளுநர் பில்போ, வெள்ள நிவாரணத்துக்கு வந்த ஹூவர் மவுண்ட் பேயு என்ற ஊரில் ஒரு கறுப்பினப் பெண்மணியோடு நடனமாடினார் என்று மேடையில் சொன்னார். அப்பட்டமான பொய். ஹூவரின் உதவியாளர் கொதித்தெழுந்து மறுத்தார். இப்படி ஒன்றைச் சொல்வதே அமெரிக்கர் ஒருவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அவமதிப்பு என்ற தொனியில் இருந்தது அந்த மறுப்பு. அந்தப் பெண்மணி குடியரசுக் கட்சியின் தேசியக் குழு உறுப்பினர், அவர்களுடைய சொந்தக் கட்சிக்காரர்! அவரை அவமதித்தது பில்போவின் பொய்யா, ஹூவர் தரப்பின் மறுப்பா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. இத்தனைக்கும் ஹூவரோடு துணை அதிபராக நின்று வென்ற சார்லஸ் கர்ட்டிஸ், கா என்ற பழங்குடியைச் சேர்ந்த தாயின் மகன். அதை யாரும் பெரிய பிரச்சினை ஆக்கவில்லை. எந்த வெறுப்பு எப்போது விழித்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு தர்க்கம் உண்டு; எண்ணிக்கையில் அச்சுறுத்தாதவர்களை அது தூங்கியபடியே கடந்துபோகிறது.

ஸ்மித் 87 தேர்தல் குழு வாக்குகள் பெற்றார், ஹூவர் 444. பொருளாதாரம் செழித்திருந்த அந்த ஆண்டில் ஜனநாயகக் கட்சியில் யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கட்சிகள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: கத்தோலிக்கரை நிறுத்தாதே. அடுத்த 32 ஆண்டுகள் யாரும் நிறுத்தவில்லை.

கென்னடி அந்தப் பாடத்தை அழித்தது மேற்கு வர்ஜீனியாவில். கத்தோலிக்கர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த மாநிலம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 1960 மே மாதம் நடந்த முதல்நிலைத் தேர்தலில் அவர் அங்கே மறைந்து விளையாடவில்லை, மதத்தைத் தானே மேடையில் எடுத்தார். கடற்படையில் சேர்ந்தபோது நான் கத்தோலிக்கனா என்று யாரும் கேட்கவில்லை. என் அண்ணன் கடைசியாகக் குண்டுவீச்சு விமானத்தில் ஏறியபோது அவனையும் கேட்கவில்லை என்றார். ஏறக்குறைய அறுபது சதவீத வாக்குகளோடு வென்றார். செப்டம்பரில் புகழ்பெற்ற புராட்டஸ்டண்ட் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் உள்ளிட்ட குழு, கத்தோலிக்க அதிபர் வாடிகனின் நெருக்கடிக்கு ஆளாவார் என்று அறிக்கை விட்டது. ஐந்து நாளில், 12ஆம் தேதி, ஹூஸ்டனில் போதகர்களின் சங்கத்துக்கு முன்னால் கென்னடி தனியாகப் போய் நின்றார். நான் கத்தோலிக்க வேட்பாளன் அல்ல; கத்தோலிக்கனாகவும் இருக்கிற ஜனநாயகக் கட்சி வேட்பாளன் என்றார். மனசாட்சிக்கும் தேசநலனுக்கும் மோதல் வந்தால் பதவி விலகுவேன் என்றார். அருமையான உரை. ஆனால் அதற்குள்ளும் ஒரு விலை ஒளிந்திருக்கிறது: என் மதம் என் ஆட்சியைத் தொடாது என்று சத்தியம் செய்தால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனைக்கு அவர் கையெழுத்துப் போட்டார். எந்த பாப்டிஸ்ட் வேட்பாளரிடமும் அந்தக் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை.

அதே தேர்தலின் கடைசி வாரங்களில் மதமும் நிறமும் ஒரே வீட்டுக்குள் சந்தித்துக்கொண்டன. அட்லாண்டாவில் கடையொன்றில் சமத்துவம் கேட்டு உட்கார்ந்த மார்ட்டின் லூதர் கிங் கைதானார். பழைய போக்குவரத்து வழக்கு ஒன்றைக் காட்டி நீதிபதி அவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதித்தார். கென்னடி, கர்ப்பிணியாக இருந்த கிங்கின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். தம்பி ராபர்ட் நீதிபதியை அழைத்தார். கிங் வெளியே வந்தார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் வாய் திறக்கவில்லை. கிங்கின் தந்தை ஒரு பாப்டிஸ்ட் போதகர். கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே நிக்சனுக்கு வாக்களிப்பதாக இருந்தவர். என் மருமகளின் கண்ணீரைத் துடைத்தவருக்கே என் வாக்கு என்று இப்போது அறிவித்தார். அதைக் கேட்ட கென்னடி, மார்ட்டின் லூதர் கிங்குக்கு இப்படி மதக் காழ்ப்புள்ள ஓர் அப்பாவா என்று வியந்துவிட்டு, சரி, நம் எல்லாருக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள்தானே என்றாராம். ஹிட்லரிடம் இதமாக நடந்துகொள்ள வேண்டும் என்று வாதாடிய தூதரின் மகன் சொன்ன வாக்கியம் அது. கறுப்பின தேவாலயங்களின் வாசலில் லட்சக்கணக்கில் நீலத் துண்டறிக்கைகள் கொடுக்கப்பட்டன. கென்னடி நாடு முழுவதும் வென்றது ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில். எந்தத் துண்டறிக்கை எத்தனை வாக்குக் கொண்டுவந்தது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கட்சிகளும் அளந்ததாகத்தான் பின்னால் நடந்துகொண்டன.

நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு தெற்கின் வெள்ளை வாக்குகள் குடியரசுக் கட்சிப் பக்கம் நகர ஆரம்பித்தன. நிறத்தை நேரடியாகச் சொல்வது நாளடைவில் கட்டுப்படியாகாத சரக்காயிற்று. அந்தக் கட்சியின் உத்தியாளர் லீ அட்வாட்டர் 1981இல் ஒரு பேட்டியில் இதை மறைக்காமல் விளக்கினார். 1954இல் கறுப்பரை வசைச் சொல்லாலேயே அழைக்கலாம்; 1968இல் அது நமக்கே திருப்பி அடிக்கும்; ஆகவே மாநில உரிமை, கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்க விடப்பட்ட பள்ளிப் பேருந்து என்று பேசுவோம்; அப்புறம் வரிக் குறைப்பு என்று இன்னும் அருவமாகப் பேசுவோம் என்பது சாரம். 1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாக்கிஸை வீழ்த்த, அந்த மாநிலச் சிறையிலிருந்து தற்காலிக விடுப்பில் வந்து குற்றம் செய்த வில்லி ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதியின் முகம் போதுமானதாக இருந்தது. ஒரு சொல்கூட நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூளைப் புற்றுநோயால் இறப்பதற்கு முன் அட்வாட்டர் டுகாக்கிஸிடம் வருத்தம் தெரிவித்தார்.

லேக்வில்லில் ஒலிவாங்கியை வாங்கிய மெக்கெய்னுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2000 பிப்ரவரியில், நியூ ஹாம்ப்ஷயரை வென்ற கையோடு அவர் தென் கரோலினாவுக்கு வந்தபோது, அவருக்கு முறைகேடாகப் பிறந்த கறுப்பினக் குழந்தை ஒன்று உண்டு என்று துண்டறிக்கைகளிலும் தொலைபேசி அழைப்புகளிலும் விஷம் பரவியது. அந்தக் குழந்தை, வங்கதேசத்தில் அன்னை தெரசா சபையின் அனாதை இல்லத்திலிருந்து அவரும் மனைவியும் தத்தெடுத்த பெண். யார் செய்தது என்று நிரூபிக்கப்படவில்லை. அவர் அந்த மாநிலத்தில் தோற்றார், வேட்பாளர் வாய்ப்பும் கை நழுவியது. வதந்தியால் வெந்துபோன அந்த மனிதருக்கே எட்டு ஆண்டுகள் கழித்துச் சரியான மறுப்பு வாயில் வரவில்லை என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

ஒபாமா தரப்பும் விதிவிலக்கல்ல. 2008இல் அவர்கள் நடத்திய வதந்தி எதிர்ப்பு இணையதளம், அவர் முஸ்லிம் என்பதை 'அவதூறு'களின் பட்டியலில்தான் வைத்தது. டெட்ராய்ட் கூட்டத்தில் முக்காடு அணிந்த இரண்டு முஸ்லிம் பெண்கள் மேடைக்குப் பின்னால், கேமராவில் விழும் இடத்தில் உட்கார முயன்றபோது தொண்டர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு பிரச்சாரக் குழு மன்னிப்புக் கேட்டது. இதில் விந்தை என்னவென்றால், அதே சில மாதங்களில்தான் அவருடைய கிறிஸ்தவப் போதகர் ஜெரமையா ரைட்டின் ஆவேசப் பிரசங்கங்களுக்காகவும் அவர் வறுத்தெடுக்கப்பட்டார். இருபது ஆண்டுகள் தவறாமல் தேவாலயம் போன ரகசிய முஸ்லிம்! முரண்பாடு யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் இரண்டு கதைகளின் அடியிலும் ஓடியது ஒரே வாக்கியம்: இவர் நம்மவர் இல்லை. 2009 மார்ச்சில் அவரை முஸ்லிம் என்று சொன்ன அமெரிக்கர்கள் 11 சதவீதம். 2010 ஆகஸ்டில் பியூ ஆய்வு நிறுவனத்தின் கணிப்பில் 18 சதவீதம். வெள்ளை மாளிகையில் பார்த்துப் பழகப் பழகச் சந்தேகம் வளர்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அது நிற வெறுப்பு, மதத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சட்டை கடைத்தெருவில் கிடைத்தது என்பது, இஸ்லாம் மீதான வெறுப்பும் தனியாக, உயிரோடு இருந்ததைக் காட்டுகிறது. கறுப்பர் என்பதால் வாக்களிக்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்ல 2008இல் பலருக்குக் கூச்சம் இருந்தது. முஸ்லிம் என்பதால் என்று சொல்ல இல்லை.

இந்தக் கூச்சத்தை எண்களிலும் பார்க்கலாம். தங்கள் கட்சி தகுதியான ஒருவரை நிறுத்தினால் வாக்களிப்பீர்களா என்று காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் பல பதிற்றாண்டுகளாகக் கேட்டுவருகிறது. 1937இல் கத்தோலிக்கருக்குச் சரி என்றவர்கள் 60 சதவீதம், 1958இல் கறுப்பருக்குச் சரி என்றவர்கள் 38 சதவீதம். 2015இல் கத்தோலிக்கருக்கு 93, கறுப்பருக்கு 92, அமெரிக்காவிலேயே பிறந்த மார்மன் சபையைச் சேர்ந்தவருக்கு 81, முஸ்லிமுக்கு 60, நாத்திகருக்கு 58. கேட்பவர் முன்னால் நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசையையும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கர்களின் கதையும் இதுவும் ஒன்றா என்பதற்கு வருகிறேன். அச்சு ஒன்றுதான். விசுவாசம் வேறெங்கோ இருக்கிறது என்பது அந்த அச்சு: கத்தோலிக்கருக்கு ரோம், மார்மனுக்குச் சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டி, யூதருக்கு இஸ்ரேல், முஸ்லிமுக்கு மெக்கா. ஆனால் கத்தோலிக்கர்களுக்கு வாசல் திறந்த விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கருக்கலைப்பை அனுமதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1973க்குப் பிறகு, அவர்களைத் தூற்றிய அதே சுவிசேஷ கிறிஸ்தவர்களுக்கு அவர்களுடைய துணை தேவைப்பட்டது. 2004இல் ஜனநாயகக் கட்சியின் கத்தோலிக்க வேட்பாளர் ஜான் கெர்ரியிடம் குற்றமாகச் சொல்லப்பட்டது, அவர் திருச்சபைக்குக் கீழ்ப்படியவில்லை என்பது! ஆயர்கள் சிலர் அவருக்கு நற்கருணை தர மாட்டோம் என்றார்கள். பைடனும் அதே விவாதத்தைச் சந்தித்தார். கென்னடி எதற்காகச் சத்தியம் செய்தாரோ, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதற்காக இவர்கள் திட்டு வாங்கினார்கள். மார்மன்களுக்கும் இப்படித்தான். அவர்களுடைய சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844இல் அதிபர் தேர்தலில் நின்று, தேர்தல் வருவதற்குள் இல்லினாய் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்மனான மிட் ராம்னி குடியரசுக் கட்சியில் நின்றபோது, டெக்சாஸ் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் மார்மன் சபையை ஒரு போலி மதக் கும்பல் என்றார். 2012இல் எதிரில் ஒபாமா என்றானதும் அதே போதகர் ராம்னியை ஆதரித்தார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, புகழ்பெற்ற சுவிசேஷப் போதகர் பில்லி கிரஹாமின் சங்கத்தின் இணையதளத்தில் இருந்த போலி மதக் கும்பல்களின் பட்டியலிலிருந்து மார்மன் பெயர் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. மனம் மாறியது என்று நான் நம்பத் தயார். தேதிதான் இடிக்கிறது.

தூற்றுவது வெள்ளையருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். 1984இல் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நியூயார்க் யூதர்களை இழிசொல்லால் குறிப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். 2015 செப்டம்பரில், குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த கறுப்பினத்தவரான பென் கார்சன், இந்த நாட்டை ஒரு முஸ்லிமிடம் ஒப்படைக்கச் சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த மாதமே அதே போட்டியில் இருந்த டிரம்ப், நான் பிரஸ்பிட்டேரியன், ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று இழுத்தார். கார்சன் அந்தச் சபையைச் சேர்ந்தவர்.

நம் ஊர்த் தொடர்பு உள்ளவர்களைச் சொல்லாமல் விட முடியாது. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பம். தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர் கூட்டத்தில் டிரம்ப், இவர் இந்தியராகத்தானே இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார். 1920இல் ஹார்டிங் மீதான புகார், கறுப்பை மறைக்கிறார் என்பது. ஹாரிஸ் மீதான புகார், கறுப்பைப் பூசிக்கொள்கிறார் என்பது. நூறு ஆண்டுகளில் புகார் தலைகீழாகிவிட்டது, 'ஏதோ மறைக்கிறார்' என்ற வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. குடியரசுக் கட்சியின் 2024 வேட்பாளர் போட்டியில் விவேக் ராமசாமி இந்துவாகவே நின்றார். அயோவாவில் ஒரு வாக்காளர், நம் நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்களுடையது இல்லை என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது, வாக்குக்காக மதம் மாற மாட்டேன் என்று சொன்னார். கூடவே ஒரே கடவுளை நம்புவதாகவும், கத்தோலிக்கப் பள்ளியில் பத்துக் கட்டளைகளைப் படித்ததாகவும் விளக்கினார். கென்னடியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. பின்னர் வலதுசாரி எழுத்தாளர் ஆன் கோல்டர் அவருடைய நிகழ்ச்சிக்கே வந்து, உங்களோடு பல விஷயங்களில் உடன்படுகிறேன், ஆனாலும் வாக்களித்திருக்க மாட்டேன், நீங்கள் இந்தியர் என்றார். மதச் சட்டையைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வந்த வாக்கியம்.

கத்தோலிக்கர் கதையிலிருந்து இது பிரியும் இடம் அங்கேதான். ஐரிஷ்காரரின் பேரன் இரண்டு தலைமுறையில் வெறும் வெள்ளையராகக் கரைந்துபோக முடிந்தது. 2024 வேட்பாளர் போட்டியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியைப் பாருங்கள்: தென் கரோலினாவில் பாம்பெர்க் என்ற சிற்றூரில் 1972இல் சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர், மெதடிஸ்ட் கிறிஸ்தவராக மாறியவர், அதே மாநிலத்துக்கு ஆளுநரானவர், ஐ.நா. தூதராக டிரம்பாலேயே நியமிக்கப்பட்டவர். பிறந்தபோது வைத்த முதல் பெயர் நிம்ரதா. நிக்கி என்பது நடுப்பெயர். 2024 ஜனவரியில், அவர் பிறந்தபோது பெற்றோர் குடிமக்களாக இல்லாததால் அதிபராகத் தகுதியில்லை என்ற கட்டுரையை டிரம்ப் பகிர்ந்தார். சில நாட்களில் அவரைத் தன் பதிவுகளில் 'நிம்ரடா' என்றும் 'நிம்ப்ரா' என்றும் எழுத ஆரம்பித்தார்.